கிறிஸ்தவ வீட்டிலும் பயண வழியிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர். அம்மா தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கர். நான் இப்போது இருப்பது சென்னைப் புறநகரில், எட்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில். அதில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் சந்தேகங்கள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். மாடிப்படியிலும் அலுவலகத்திலும், ரயிலில் எதிர் இருக்கையிலிருந்தும் பல வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். கேட்பவர்களுக்குத் தயக்கம் இருக்கும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று. நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

நண்பர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் என்ன செய்வது?

அது சாப்பாட்டு ஜெபம். அரை நிமிடம் ஆகும். தட்டில் கை வைக்காமல் சும்மா இருந்தால் போதும். கண்ணை மூட வேண்டும், கைகூப்ப வேண்டும், ‘ஆமென்’ சொல்ல வேண்டும் என்றெல்லாம் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அதற்குள் ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, மென்று விழுங்கிவிட்டுக் காத்திருங்கள்.

பல வீடுகளில் கடைசிக் குழந்தைதான் இந்த ஜெபத்தைச் சொல்லும். அது மறந்து மறந்து சொல்லி முடிக்கும்வரை பெரியவர்கள் பொறுமையாக இருப்பார்கள். எங்கள் ஆச்சி சொன்னால் வந்திருக்கும் விருந்தாளியின் பெயரையும் அவர் ஊரையும் சேர்த்துக்கொள்வாள். வேற்று வீட்டில் தன் பெயர் அப்படிச் சொல்லப்பட்டதைக் கேட்டு என் கல்லூரித் தோழி ஒருத்தி கண் கலங்கியிருக்கிறாள்.

ராத்திரி தங்கும்படி ஆகிவிட்டது. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார வேண்டுமா?

விருப்பம் இருந்தால் உட்காருங்கள். இல்லையென்றால் “நான் மாடியில் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லலாம், ஒன்றும் தவறில்லை.

உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் சங்கடம் இருக்காது. சி.எஸ்.ஐ. வீடு என்றால் ஒரு பாட்டு, பிறகு வேதாகமத்தில் ஒரு அதிகாரம், பிறகு யாராவது ஒருவர் சொந்த வார்த்தையில் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பதுண்டு. உங்கள் முறை வரும்போது புத்தகத்தை அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். கத்தோலிக்க வீடு என்றால் பெரும்பாலும் ஜெபமாலை. ஐந்து பத்துகள், தொடக்கத்தில் சொல்லும் மூன்றும் சேர்த்து மொத்தம் 53 முறை ‘அருள் நிறைந்த மரியே’. இருபது நிமிடம் பிடிக்கும். மே, அக்டோபர் இரண்டும் மாதாவுக்குரிய மாதங்கள் என்பதால் அப்போது தெருக்கோடிக் கெபியிலும் (மாதா சிலை வைத்த சிறு குகைக்கோயில்) அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டத்திலும் ஜெபமாலை சொல்வார்கள்.

முழங்கால் போடும் நேரத்தில் நீங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். வயதானவர்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

பூசையா, ஆராதனையா? சாமியாரா, ஐயரா, பாஸ்டரா? என்ன சொல்லிக் கூப்பிடுவது?

இந்தக் குழப்பம் எனக்கே சின்ன வயதில் இருந்தது. அம்மா வீட்டில் ‘பூசைக்குப் போவோம்’, இப்போது கொஞ்சம் மாறி ‘திருப்பலி’. அப்பா வீட்டில் ‘ஆராதனை’. கத்தோலிக்கக் குருவை ‘சாமி’ அல்லது ‘ஃபாதர்’ என்று கூப்பிடுங்கள். திருநெல்வேலி சி.எஸ்.ஐ. ஊர்களில் குருவானவரை ‘ஐயர்’ என்றும் அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்றும் சொல்வார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தபோது, “ஐயர் வீட்டில் இன்று கறிச்சோறு” என்று கேட்டு வெகுநேரம் ஒன்றும் புரியாமல் இருந்தார். பெந்தெகொஸ்தே சபைகளில் ‘பாஸ்டர்’.

இவை ஒரே மரத்திலிருந்து வெவ்வேறு காலத்தில் கிளைத்தவை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தொடங்கிவைத்த லுத்தரன் வழி ஒன்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது சி.எஸ்.ஐ. அதனால் ஒரு வீட்டில் பார்த்ததை வைத்து எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் என்று முடிவு செய்ய வேண்டாம். சுவரைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். திருஇருதய ஆண்டவர் படமும் அதற்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பும் இருந்தால் கத்தோலிக்க வீடு. வசனக் காலண்டர் மட்டும் தொங்கினால் மற்றவர்கள்.

கோயில் பிரசாதம் கொடுத்தால் சிலர் வாங்கிக்கொள்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். மறுப்பது எங்களை அவமதிப்பது ஆகாதா?

அதிகம் மனம் புண்படும் இடம் இதுதான், இரண்டு பக்கமும்.

இந்தக் கேள்வி கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கொரிந்து நகரத்துச் சபைக்கு, ஆரம்பகாலத் திருத்தூதரான பவுல் எழுதிய முதல் கடிதத்தில் 8, 10 ஆகிய அதிகாரங்கள் இதைப் பற்றியவை. ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், கேள்வி கேட்காமல் வைத்ததைச் சாப்பிடு என்கிறார். ஆனால் ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், சொன்னவருடைய மனசாட்சியை எண்ணிச் சாப்பிடாதே என்கிறார். இதை ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறது. என் அம்மா இருந்தவரை சர்க்கரைப் பொங்கலை நன்றி சொல்லி வாங்கிச் சாப்பிடுவார். அத்தை வாங்க மாட்டார். அவர் தன் கடவுளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து மறுக்கிறார், உங்கள் கடவுளைச் சிறுமைப்படுத்த அல்ல. அத்தையின் அன்பை நான் அறிவேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் எதிர் வீட்டு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். தீபாவளிக்கு முந்தின இரவே, படைப்பதற்கு முன்னால், முறுக்கும் அதிரசமும் ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்துவிடுவார். “இது படைக்காதது, உங்கள் அத்தைக்கு” என்று சொல்லிக் கொடுப்பார். அத்தை அந்த டப்பாவுக்காகக் காத்திருப்பார். படைத்ததை மறைத்து ‘படைக்கவில்லை’ என்று மட்டும் கொடுக்க வேண்டாம். அது தெரியவந்தால் உறவு முறிந்துபோகும்.

மறுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. மறுக்கலாம், ஆனால் முகம் சுளிக்கக் கூடாது. வாங்கி வைத்துக்கொண்டு பிறகு குப்பையில் போடுவது அதைவிட மோசம். “மன்னிக்கணும் அக்கா, நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை” என்று நேராகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். சைவக்காரர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் கேக் பின்னால் வந்தது. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்துதான் பழைய கிறிஸ்துமஸ் பலகாரம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சில கிறிஸ்தவப் பெண்கள் பொட்டு வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை, சிலர் நகையே போடுவதில்லை. ஏன்?

கத்தோலிக்கப் பெண்கள் பலர் வைப்பார்கள், தாலியும் கட்டுவார்கள். அதில் சிலுவை இருக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் பொட்டு வழக்கம் குறைவு. பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் நகை கூடாது, வெள்ளை உடைதான். உங்கள் வீட்டு விசேஷத்தில் குங்குமச் சிமிழை நீட்டி ஒருவர் வேண்டாம் என்றால், வெற்றிலை பாக்கும் பூவும் கொடுத்துப் பாருங்கள். பூவைப் பெரும்பாலோர் வாங்கிக்கொள்வார்கள்.

மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தெரியாதவர்கள் வந்து ‘ஜெபிக்கலாமா’ என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். “வேண்டாங்க, நன்றி” என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதில் என் மனதில் ஒரு வருத்தம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அறுவைச் சிகிச்சை முடிந்து பொது வார்டில் இருந்தார். ராத்திரி ஒரு குழு வந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தது. தலையில் கை வைத்தது. எழுந்து உட்காரவும் முடியாத மனிதர் எப்படி மறுப்பார்? மறுநாள் நான் போனபோது அவர் என் முகத்தைப் பார்க்கவே தயங்கினார். அவருக்காக நான் வீட்டில் தினமும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன், அதை அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

கிறிஸ்தவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். சரி என்றால் மெல்லிய குரலில், சுருக்கமாக. எரிகோவுக்கு வெளியே வழியோரம் இருந்த கண் தெரியாதவரிடம் இயேசுவே “நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டுவிட்டுத்தான் குணமாக்கினார்.

ரயிலில் கைப்பிரதி கொடுக்கிறார்கள். வாங்கினால் பேச்சு நீளுமோ என்று பயமாக இருக்கிறது.

வாங்கவேண்டாம் என்றால் கையை நெஞ்சில் வைத்துத் தலையசையுங்கள், நகர்ந்துவிடுவார்கள். வாங்கினால் படிக்கும் கட்டாயம் இல்லை. கண் முன்னாலேயே கிழித்துப் போடாதீர்கள், அவ்வளவுதான். கொடுப்பவர்கள் பலர் தங்கள் கூலிக்காசில் அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்தவர்கள். உங்களுக்கு அவர்களோடு பேசவே விருப்பம் என்றால் நேராகக் கேளுங்கள், உங்கள் நம்பிக்கையையும் சொல்லுங்கள். நான் பார்த்த நல்ல ரயில் உரையாடல்களில் ஒன்று, விழுப்புரத்திலிருந்து மதுரை வரை ஒரு பாஸ்டரும் ஒரு சித்த வைத்தியரும் பேசிக்கொண்டு வந்தது. கடைசியில் இருவரும் இட்லிப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தங்கும் விடுதி மேசை இழுப்பறையில் வேதாகமம் இருந்தது. யாராவது விட்டுச் சென்றதா?

இல்லை, வைக்கப்பட்டது. 1899இல் அமெரிக்காவில் வியாபாரப் பயணிகள் சிலர் சேர்ந்து தொடங்கிய கிதியோன் சங்கத்தின் வேலை அது. 1908இல் மொன்டானா மாநிலத்து விடுதி ஒன்றில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. வேண்டுமானால் படிக்கலாம், இல்லையென்றால் இழுப்பறையை மூடிவிடலாம்.

ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்திக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்களே, அவர்கள் யார்? நாங்கள் ஏதாவது உதவலாமா?

வேளாங்கண்ணிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் பெருவிழா. சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். காவி உடையும் விரதமும் பார்த்து ஐயப்ப பக்தர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பவர்களில் இந்துக்களும் ஏராளம். முன்னால் ஒரு சின்ன வண்டிச் சப்பரம், அதில் மாதா சுரூபம் (சிலை), பின்னால் ‘மரியே வாழ்க’ என்ற குரல். வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடிகாலையிலும்தான் அதிகம் நடப்பார்கள்.

உதவ நினைத்தால் முதல் உதவி உங்கள் வண்டியின் வேகத்தைக் குறைப்பது. இருட்டில் சாலையோரம் நடப்பவர்கள் மீது வாகனம் மோதி இறப்பது எங்கள் சபையில் துக்கமாக அறிவிக்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஒளி பட்டால் மின்னும் ஸ்டிக்கரை வாங்கிக் கொடுத்தால் பையில் ஒட்டிக்கொள்வார்கள். அடுத்து, கால் கொப்புளத்துக்குப் பஞ்சும் மருந்தும். உட்கார ஒரு திண்ணை, பெண்களுக்குக் கழிப்பறை. இதைத் திறந்துவிடும் வீட்டை அவர்கள் வருடம் தவறாமல் நினைவு வைத்திருப்பார்கள்.

அப்புறம் மோர். வேளாங்கண்ணிக்கும் மோருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே சொல்லப்படும் மூன்று கதைகளில் இரண்டாவது, நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுடையது. குழந்தையோடு வந்த ஒரு பெண்மணி மோர் கேட்டார், கொடுத்தான். நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல் என்றார், எழுந்தான், கால் நடந்தது. முதல் கதை குளக்கரை ஆலமரத்தடியில் பால் கொடுத்த இடையச் சிறுவனுடையது. மூன்றாவது புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகளுடையது. தாகத்தோடு வந்தவருக்கு ஏழைப் பிள்ளைகள் பாலும் மோரும் கொடுத்ததில்தான் அந்தத் தலம் தொடங்குகிறது. சாலையோரத்தில் மோர்ப் பானை வைக்கும் இந்து, முஸ்லிம் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. வேளாங்கண்ணியில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

மொட்டை போடலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம், மாதாவுக்குச் சேலை சாத்தக் கொடுக்கலாம், குழந்தை வேண்டித் தொட்டில் கட்டலாம், மணல்பாதையில் முழங்காலில் போகலாம், பூசையில் உட்காரலாம். யாரும் சாதி மதம் கேட்க மாட்டார்கள். நற்கருணை ஒன்று மட்டும் கத்தோலிக்கர்களுக்கு. வரிசையில் போய் அந்த வெள்ளை அப்பத்தை வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல், திருநீறு குங்குமம்போல எல்லாருக்கும் கொடுப்பது அல்ல. தெரியாமல் வரிசையில் நின்றுவிட்டால் குருவின் முன் கையை மார்பில் குறுக்காக வைத்துத் தலை குனியுங்கள், ஆசீர்வதித்து அனுப்பிவிடுவார். சி.எஸ்.ஐ. கோயில்களிலும் திருவிருந்து (நற்கருணையை அங்கே அப்படிச் சொல்வோம்) பெரும்பாலும் திடப்படுத்தல், அதாவது வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு, பெற்றவர்களுக்குத்தான். நான் சின்னவளாக இருந்தபோது அப்பா எழுந்து போக, நான் இருக்கையிலேயே இருந்திருக்கிறேன். அதனால் தனியாக உட்கார்ந்திருப்பதை ஒரு குறையாக எண்ண வேண்டாம்.

கூட்டம் பிடிக்காது என்றால் செப்டம்பர் முதல் வாரத்தை விட்டுவிட்டு வேறு மாதத்தில் போங்கள். நாகப்பட்டினத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கடலில் இறங்குபவர்கள் கவனமாக இருங்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் கொண்டாட வந்த எத்தனையோ குடும்பங்களை அந்தக் கரை இழந்திருக்கிறது. அங்கே குளிக்கும்போது சற்று நின்று அவர்களையும் நினையுங்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா?

வேண்டாம். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதே, இந்திய மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் வரலாம் என்று எழுதப்பட்டது. ஆனால் நினைத்தவுடன் படகேற முடியாது. முன்கூட்டியே ராமேசுவரத்தில் பெயர் பதிவு செய்து, ஆதார் நகல் கொடுத்து, சோதனை முடிந்துதான் விடுவார்கள். திருவிழா, ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான தவக்காலத்தை ஒட்டி, இரண்டு நாள். முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி. மறுநாள் காலை திருப்பலி, பிறகு படகு. தீவில் குடிநீர் கிடையாது, எடுத்துப் போங்கள். இந்தக் கரைக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் மணலில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதைக் கண்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

அலுவலகத்தில் ‘ஹேப்பி குட் ஃபிரைடே’ என்று சொல்லலாமா?

வேண்டாம். அது இயேசு சிலுவையில் இறந்த நாள், பெரிய வெள்ளி. சி.எஸ்.ஐ. கோயில்களில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். பலர் உபவாசம், முடிந்ததும் கோயிலிலேயே கஞ்சி. அன்றைக்கு வாழ்த்தாமல் ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு வாழ்த்துங்கள். வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து “இன்று கோயிலுக்குப் போனீர்களா?” என்று மட்டும் கேட்டாலே எனக்கு நிறைவாக இருக்கும்.

கிறிஸ்தவத் துக்க வீட்டுக்குப் போனால்?

போங்கள், அதுதான் முக்கியம். மாலை கொண்டுபோகலாம். வீட்டில் ஒரு ஜெபம், கோயிலில் அடக்க ஆராதனை, பிறகு கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு பிடி மண் போடக் கூப்பிடுவார்கள், நீங்களும் போடலாம். பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள், துக்கம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அழுகையை அந்தப் பாட்டில்தான் வைத்திருப்பார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மாலையில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி எரியும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் என் அம்மாவின் கல்லறைக்கு என்னோடு வந்து ஒரு முழம் மல்லிகை வைத்தார்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், இந்து. ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் மாமியார் நிறுத்தி வைத்து ஜெபிக்கிறார். பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. எப்படிச் சொல்வது?

எங்கள் வீடுகளில் ஜெபிக்காமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் 121ஆம் சங்கீதம், போகும்போதும் வரும்போதும் காக்கச் சொல்வது. பிறகு ஓட்டுநருக்காக, டயருக்காக, எதிரே வரும் லாரிக்காக என்று நீளும். என் ஆச்சி இஞ்சினையும் விடமாட்டாள்.

நிறுத்தச் சொல்லாதீர்கள். ஜெபத்தைக் கொஞ்சம் முன்தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பதரை வண்டி என்றால் ஒன்பதே கால் என்று சொல்லவேண்டாம், பொய் தேவையில்லை. “அத்தை, ஒன்பது மணிக்கு ஜெபம் பண்ணிடலாமா?” என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்டதிலேயே அவருக்குப் பாதி ஜெபம் நிறைவேறிவிடும். கிளம்பும் முன் உங்கள் வழக்கப்படி பிள்ளையாரைக் கும்பிட வேண்டுமென்றால் அதையும் ஒளிக்காமல் செய்யுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்கள். அவர் அதுவரை தூங்கியிருக்க மாட்டார்.